வானமாமலை செய்த சர்வீஸ்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் மிக்சி பழுதுபார்க்கும் வானமாமலைக்கு ஒரு கொள்கை உண்டு: கழற்றித் துடைக்காத பொருள் உருப்படாது. நன்றாக ஓடும் மிக்சியைக் கொடுத்தாலும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுவார். அதையே வாடிக்கையாளர் செய்துவிட்டால் மட்டும் மூக்குக்குமேல் கோபம் வரும். அதற்காகவே கடையில் ஓர் அட்டை தொங்கும்: “வீட்டில் கைவைத்த பொருளுக்குக் கடை பொறுப்பல்ல.”

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவருக்குப் பிறந்தவன் ஹரி. பிள்ளைக்கு ஒன்றரை வயதானபோது கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. ஆண்குழந்தைக்குத் தினமும் முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவாவிட்டால் வம்சமே விளங்காது என்றார் அதில் ஒருவர். கோட்டுப் போட்டிருந்தார். கோட்டுப் போட்டவர் பொய் சொல்வாரா? மறுநாள் காலையே வானமாமலை சோப்பும் கையுமாக, வீட்டு மூலையில் குளிக்கும் இடமான மோரியில் உட்கார்ந்துவிட்டார்.

“விடுங்க, பிள்ளை அழுதாம்லா” என்றாள் மனைவி இசக்கிசெல்வி.

“ஒனக்கு என்னட்டி தெரியும்? சர்வீஸ் பண்ணாம எது ஓடும்?”

மூன்றாம் நாள் தோல் சிவந்து வீங்கியது. ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளை வீறிட்டான். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே அது கேட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் சரியாகிவிடும் என்றார் மிக்சி நிபுணர். இசக்கிசெல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தவாகானாவுக்கு, அதாவது முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரிக்கு, நடந்தாள். இவரும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

“யார் இழுத்தது?” என்று கேட்டார் டாக்டர் ரஷீதா.

வானமாமலை அண்ணாந்து மின்விசிறியை ஆராய்ந்தார்.

“இந்த வயசுல தோல் உள்ள ஒட்டித்தான் இருக்கும். அது நோய் இல்ல. வளர வளரத் தானாவே பிரியும், அதுக்குப் பல வருஷம்கூட ஆகும். வெளிய மட்டும் தண்ணி ஊத்திக் கழுவுங்க, போதும். வலுக்கட்டாயமா இழுத்தா கிழிஞ்சு தழும்பாகும். சிவந்தாலோ, வீங்கினாலோ, ஒண்ணுக்குப் போகக் கஷ்டப்பட்டாலோ உடனே இங்க கொண்டாங்க.”

“பிள்ளைக்குச் சரியாயிருமா மேடம்?” கேட்கும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. அந்த ஒரு கேள்விக்காக அவரை நான் பாதி மன்னித்தேன்.

“ஆயிரும். நீங்க தொடாம இருந்தா.”

டாக்டர் கொடுத்த களிம்பு போட்டதில் ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. அன்று கடை அட்டையைக் காணோம் என்று தேடிக் களைத்து வானமாமலை வீட்டுக்கு வந்தார். அது மோரிச் சுவரில் தொங்கியது. கீழே இசக்கிசெல்வி பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹரி வாளியைத் தட்டிச் சிரித்தான்.

வானமாமலை அட்டையை ஒருமுறை படித்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.