பாதை தரைதட்டிய நாளும் நான் நீந்தாத வாவியும்

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில், சின்ன வயதில் நான் படித்த மண்டூருக்குப் போனது என் விருப்பத்தால் அல்ல, என் வாய்க்கொழுப்பால். எட்டு வருடங்களுக்கு முன், என் மகள் ஆதிரை கொழும்பில் நீச்சல் வகுப்பின் முதல் நாள் தடாகத்தில் இறங்கமாட்டேன் என்று கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அப்பா பத்து வயசில மட்டக்களப்பு வாவியையே நீந்திக் கடந்தவர். புலமைப்பரிசில் சோதினை அக்கரையில. அன்று பாதை ஓடயில்ல. நான் நீந்திப் போய், நனைஞ்ச காற்சட்டையோட சோதினை எழுதினன்."

அவள் இறங்கிவிட்டாள். நானும் மறந்துவிட்டேன். கதை மட்டும் வருடாவருடம் வளர்ந்தது. முதலில் அரை மைலாக இருந்த வாவி மூன்று மைலானது, இடையில் ஒரு முதலையும் வந்து சேர்ந்தது. இப்போது ஆதிரை பாடசாலை நீச்சல் அணியில் இருக்கிறாள். "அப்பா, நீங்க நீந்தின இடத்தை ரெண்டு பேரும் சேர்ந்து நீந்துவம்" என்று எனக்கும் ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கி வைத்துவிட்டாள்.

எனக்கு நீந்தத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை பஸ்ஸில் காலை 7.10க்கு ஏறினோம். களுவாஞ்சிக்குடிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், 8.20க்கு இறங்கினோம். வழி முழுக்க ஆதிரை யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் தப்பிக்க வழி பார்த்துக்கொண்டு வந்தேன். ஓட்டோக்காரர் குருமண்வெளித் துறைக்கு நானூறு ரூபா கேட்டார். நான் அவர் காதருகே குனிந்து, "தம்பி, பாதையால வேணாம். ரோட்டால மண்டூருக்கு விடுங்க" என்றேன்.

மகளுக்குப் பாம்புக் காது. "பாதையும் ரோட்டும் ஒன்றுதானே அப்பா?"

"இல்ல புள்ள," என்றார் ஓட்டோக்காரர். "ரோட்டு நிலத்தில கிடக்கும். பாதை தண்ணியில போகும். இப்ப பாதை அக்கரையில நிக்கிது, இன்னும் கொஞ்சத்தில இஞ்சால வந்திரும்."

மட்டக்களப்புக்குப் புதிதாக வருபவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். எங்களுக்குப் பாதை என்றால் மிதவைகளின் மேல் பலகை அடித்து, இயந்திரம் பூட்டி, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் வாவியின் அடுத்த கரைக்கு ஏற்றிப் போகும் தளம். "பாதை போயிற்று", "பாதை பழுதாப் போச்சு" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், நிலம் எங்கும் போகவில்லை. ரோட்டால் போவதென்றால் பட்டிருப்புப் பாலம் ஏறி வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்ற வேண்டும்.

"ரோட்டால ஏன் சுத்துவான்?" என்றாள் மகள். "பாதையாலயே போவம்." ஓட்டோ துறைக்குத் திரும்பியது.

8.45க்குப் பாதை வந்தது. ஆளுக்கு இருபது ரூபா. ஏறி இரண்டு நிமிடம் ஆகவில்லை, இயந்திரத்தை இயக்கிக்கொண்டு நின்ற நெடிய பாதைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய், சுதா தானே நீ?"

பேரின்பம்! ஐந்தாம் வகுப்பில் கடைசி வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன். அப்போதே எங்கள் எல்லாரையும்விட ஒரு முழம் உயரம். சந்தோஷத்தில் கட்டிப்பிடித்தேன், அடுத்த நொடியே ஏன் கட்டிப்பிடித்தேன் என்று இருந்தது. அந்தச் சோதினை நாளுக்கு முதல் சாட்சியே இவன்தான்.

ஆதிரை வாயைத் திறந்துவிட்டாள். "மாமா, அப்பா நீந்தின இடம் எது?"

"நீந்தினதோ? ஆரு, இவனா?" பேரின்பம் சிரித்த சிரிப்பில் மோட்டார் சைக்கிளோடு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "சோதினை அண்டு கோடைத் தண்ணி. பாதை நடுவில தரைதட்டிப் போச்சு. எல்லாரும் இறங்கி இடுப்பளவு தண்ணியில நடந்தம். இவன் இறங்கமாட்டன் எண்டு கம்பியக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு ஒரே அழுகை. மறுகா நான்தான் தோளில ஏத்திக் கொண்டுபோன."

"ஆனா நனைஞ்ச காற்சட்டையோட சோதினை எழுதினாரே?" கடைசி நம்பிக்கையாகக் கேட்டாள்.

"அது உண்மை. காற்சட்டை நனைஞ்சுதான் இரிந்த. ஆனா அது வாவித் தண்ணி இல்ல புள்ள. என்ட சேட்டும் நனைஞ்சி போச்சு."

பாதை முழுக்கச் சிரித்தது. ஆதிரை மட்டும் சிரிக்கவில்லை. மிச்சத் தூரம் முழுக்க அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. எட்டு வருடம் என்னை வீரன் என்று நினைத்திருந்த ஒரே ஒரு ஆள் அவள்தான்.

மண்டூரில் கோயிலுக்குப் போனோம், பழைய பள்ளிக்கூடத்தை வெளியில் நின்று பார்த்தோம், தேநீர் குடித்தோம். நாற்பதைத் தாண்டிய ஆண்கள் எல்லாரும் தங்கள் சின்ன வயதை எளிமையான காலம் என்கிறார்கள். யுத்தம் நடந்த அந்த நாள் மட்டக்களப்பை அறிந்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். எளிமையாக இருந்தது ஒன்றே ஒன்று: யார் கையிலும் கமரா இல்லாததால் பொய் சொல்வது.

பகல் 12.30க்குத் திரும்பும் பாதை. குருமண்வெளிக் கரைக்கு நாற்பது ஐம்பது அடி இருக்கும்போது அடியில் கறகறவென்று சத்தம். நின்றுவிட்டது.

"தரைதட்டிற்று," என்றான் பேரின்பம், என் கண்ணைப் பார்த்து. வேண்டுமென்றே தட்டினானோ என்று இன்றைக்கும் சந்தேகம். "அவசரமெண்டா இறங்கி நடங்க. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலதான்."

எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஆதிரையும் குதித்தாள். நான் நின்றேன். என்னை அறியாமலே கை கம்பியைப் பிடித்திருந்தது. ஆதிரை அந்தக் கையைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள்.

"ஏறுங்க அப்பா."

"என்ன விளையாட்டு இது?"

"காற்சட்டை காஞ்சிருக்குத்தானே? அப்ப பயமில்லை, ஏறுங்க."

பேரின்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் ஏறவில்லை. இறங்கினேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கரை வரை நடந்தேன். பாதி வழியில், "நான் அண்டைக்குத் தடாகத்தில கம்பியைப் பிடிச்ச நேரம் இதைச் சொல்லியிருக்கலாமே, எனக்கும் பயம் எண்டு" என்றாள். "சொல்லியிருக்கலாம்" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் எட்டரைக்கு முன் துறையில் நில்லுங்கள். ஆகஸ்டில் தண்ணீர் வற்றும், மடித்துக் கட்டக்கூடிய உடுப்பாகப் போடுங்கள். வாவியில் முதலை உண்டு, பாதைக்காரர் இறங்கச் சொன்ன இடத்தில் மட்டும் இறங்குங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் உங்கள் வீரக் கதைகளை வீட்டிலேயே திருத்திக்கொண்டு போங்கள், பாதைக்காரருக்கு ஞாபகசக்தி அதிகம்.

அந்த நீச்சல் கண்ணாடி வீண்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆதிரை எனக்குத் தடாகத்தில் நீச்சல் பழக்குகிறாள். இதுவரை நான்கு மீற்றர். கம்பியிலிருந்து கம்பிக்கு.