வெள்ளை பாய்ந்த பூவரசு

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்தது தொண்ணூறுகளின் நடுவில். தினமும் நடக்கச் சொன்னார் டொக்டர். துணைக்கு என் அண்ணன் மனைவி, மதினி, வந்தார். சுபஹ் தொழுது, நன்றாக விடிந்த பிறகு மாவடிப்பள்ளிப் பக்கம் போகும் வாய்க்கால் கரையில் நடப்போம்.

ஒருநாள் மதினி சட்டென்று நின்றார்.

"இஞ்ச பாரு புள்ள, ஆரோ சுண்ணாம்பு அள்ளித் தெளிச்சிரிக்காங்க!"

யாரும் நடாமல் தானாக முளைத்த பூவரசு. அதில் ஒரே ஒரு கிளையின் இலைகளில் மட்டும் பாதி வெள்ளை, பாதி பச்சை. ஓர் இலையைப் பறித்துப் பெருவிரலால் தேய்த்தேன். ஒட்டவில்லை. நிறம் இலைக்குள்ளேயே இருந்தது. நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள். பச்சை உள்ள இடத்தில்தான் இலை மாப்பொருள் செய்யும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறிக் காட்டியிருக்கிறேன். கண்ணால் கண்டதில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து, குசினியில் இலையை அவித்தேன். சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்த கிளாசில், ஸ்பிரிட்டில் ஊறவிட்டு நிறத்தை இறக்கினேன். அயடீன் விட்டேன். மாப்பொருள் உள்ள இடத்தில் அயடீன் கறுநீலமாகும்; பச்சை இருந்த இடம் கறுத்திருக்க வேண்டும். இலை முழுக்க வெறும் மண்ணிறம்.

"பிழைச்சிட்டா?" என்றார் மதினி.

"ஓம் மதினி."

பாத்திரம் கழுவும்போதுதான் புத்தியில் தட்டியது. காலையில் பறித்த இலை! இரவெல்லாம் வெயில் காணாதது. உள்ள மாப்பொருளைத் தீர்த்திருக்கும்.

பின்னேரம் அஸர் தொழுத கையோடு இருவரும் மறுபடி போனோம். திரும்பும்போது காவலரணில் ஆமிக்காரர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே நாலு இலை. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மற்றவரையும் கூப்பிட்டுக் காட்டினார். மருந்தா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே போகவிட்டார்.

இந்தத் தடவை அயடீன் பட்டதும் இலையில் கறுநீலம் பரவியது. வெள்ளையாக இருந்த பகுதியின் விளிம்பில், கோடு போட்டதுபோல நின்றுவிட்டது. கறுத்த பக்கம் மட்டும்தான் மாப்பொருள் செய்யும் என்று மதினிக்குச் சொன்னேன்.

"யா அல்லாஹ்!" மதினி என் கையைப் பிடித்து உலுக்கினார். "அப்ப இந்த வெள்ளப் பாதி சோறாக்காம, மற்றப் பாதி ஆக்கிறதத் தின்னுதா?"

இத்தனை வருடம் படிப்பித்தும் எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியதில்லை.

மதினி பீங்கான் தட்டோடு இலையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை பீங்கான் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை வீட்டு வாசல் கடப்படியில் எங்களோடு நடக்க ஐந்து பெண்கள் நின்றார்கள்.

"எங்க அந்த மரம்?" என்று கேட்டபடியே முன்னால் நடந்தார்கள்.