கார்டில் எடுத்த பணம், கரையில் மீண்ட உயிர்

என் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை என்று நான் முடிவே கட்டிவிட்ட ஒரு பகல் உண்டு. போன ஆடி மாதம். அவருடைய போன் பிரிட்ஜின் மேல் கிடந்தது. அவரைக் காணவில்லை. அன்றைக்கு நான் சாமியிடம் என்ன கேட்டேன், எனக்கு என்ன கிடைத்தது என்பதை, ஆவுடையார்கோவில் ஆத்மநாதரை நம்பி வருகிற உங்களிடம் மறைக்காமல் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் பெயர் மலர்விழி. ஆவுடையார்கோவிலில் வீட்டில் இருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் கதிரேசன் ஒரு பழைய லோடு வண்டி வைத்திருந்தார். வைக்கோல், சிமெண்ட், நெல் மூட்டை, எது கிடைத்தாலும் ஏற்றுவார். ஒரே மகள் காவ்யா, பத்தாம் வகுப்பு. பெரிய வசதி இல்லை. ஆனால் கொடுத்த காசைக் கேட்டு யாரும் எங்கள் வாசலில் வந்து நின்றதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் வண்டி இன்ஜின் போய்விட்டது. மெக்கானிக் கேட்ட தொகை எங்களிடம் இல்லை. "ஒரு எடத்துல கேட்டுருக்கேன், நீ கவலப்படாத" என்று மட்டும் சொன்னார். அந்த இடம் ஒரு கிரெடிட் கார்டு என்பது எனக்குத் தெரியாது. புதுக்கோட்டைக்குப் போனபோது ஒரு பேங்க் வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஆசை காட்டி எழுதி வாங்கிக் கொடுத்த கார்டு. அதை ஏடிஎம்மில் செருகி அறுபதாயிரம் எடுத்திருக்கிறார்.

கடையில் கார்டைத் தேய்த்துப் பொருள் வாங்கினால், கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை. பணமாக எடுத்தாலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அப்படி இல்லை. எடுத்ததற்கே ஒரு கட்டணம். எடுத்த நாளிலிருந்தே வட்டி, நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய். இரண்டுக்கும் மேலே வரி வேறு. எங்கள் ஊரில் மூன்று ரூபாய் வட்டிக்கு விடுகிறவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். இவர் அதைவிடப் பெரிய வட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்.

'குறைந்தது இவ்வளவு கட்டினால் போதும்' என்று பில்லில் வரும் அல்லவா, அதைக் கட்டினார். முதல் அப்படியே நின்றது. லோடு இல்லாத மாதங்களில் அதுவும் முடியவில்லை. இன்னொரு கார்டு வாங்கி, அதில் பணம் எடுத்து இதற்குக் கட்டினார். டயர் மாற்ற, மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு என்று அதிலேயே இன்னும் எடுத்தார். சாமான் விற்றதுபோலக் கார்டைத் தேய்த்துவிட்டு, கமிஷன் பிடித்துக்கொண்டு பணம் கொடுக்கும் கடைக்கும் போனார். கடைசியில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

தை மாதத்தில் போன் வர ஆரம்பித்தது. முதலில் அவருக்கு. அவர் எடுக்காமல் விட்டதும் எனக்கு. முகம் தெரியாத ஒருவன், "கதிரேசன் பொண்டாட்டிதான? புருஷன் வாங்கித் தின்ன காசுக்கு நீ பதில் சொல்லு" என்றான். நான் தைத்துக்கொண்டிருந்த துணி கோணிப்போனது. அன்று மாலை கேட்டபோதுதான் எல்லாவற்றையும் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அவரை அப்படி ஏசியதில்லை.

வண்டியை விற்றோம். வட்டிக்கும் அபராதத்துக்குமே அது சரியாகப் போயிற்று. என் சங்கிலி போயிற்று. போன் நிற்கவில்லை. ஒருநாள் இரண்டு பேர் பைக்கில் வந்து வாசலில் நின்று, தெருவே கேட்க, "வீட்டுல ஆம்பள இருந்தா வெளிய வரச் சொல்லு" என்றார்கள். அவர் உள்ளேதான் இருந்தார். காவ்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்னவாசலில் என் அண்ணன் இருக்கிறார். வைகாசியில் அவர் மகளுக்கு நிச்சயம். தாம்பூலம் மாற்றப் போகும் நேரம் அண்ணனுக்குப் போன் வந்தது. உங்கள் மச்சான் ஏமாற்றுக்காரர், நீங்கள் ஜாமீனா என்று கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எங்களைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"மலரு, சாப்புட்டுக் கெளம்புங்க. இனிமே ஒங்க வீட்டு விவகாரம் முடியிற வரைக்கும் இங்கிட்டு வராதீங்க."

நாங்கள் சாப்பிடவில்லை. அப்படியே பஸ் ஏறினோம். அதற்குப் பிறகு வீட்டில் அவர் பேச்சு குறைந்தது. சோறு வைத்தால் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். நான் அதைக் கோபம் என்று நினைத்தேன். அது கோபம் இல்லை.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை. காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் போயிருந்தார். போனை விட்டுவிட்டுப் போயிருந்தார். காவ்யா சொன்னாள், "அப்பா என் தலையில கைய வச்சுட்டுப் போனாரும்மா. எப்பவும் அப்புடிச் செய்ய மாட்டாரே."

பஸ் ஸ்டாண்டில் தேடினோம். தெரிந்த டிரைவர்களிடம் கேட்டோம். அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, "தேடுறோம்மா, நீங்க வீட்டுல இருங்க" என்றார்கள். வீட்டுக்குப் போக எனக்குத் துணிவில்லை. மகளை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

நம் சாமிக்கு உருவம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உச்சிகால பூஜையில் புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்துச் சூடாகக் கொண்டுவந்து சந்நிதி முன் உள்ள கல்லில் கொட்டினார்கள். ஆவி எழுந்து உள்ளே போயிற்று. சாமிக்கு அந்த ஆவிதானே படையல். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மந்திரம் ஒன்றும் வரவில்லை. அத்தனை மாதமாகக் கடன் அடைய வேண்டும் என்றுதான் கும்பிட்டிருந்தேன். அன்று அது நினைவுக்கே வரவில்லை.

"சாமி, கடன் கெடக்கட்டும். அந்த மனுஷன் எங்கயோ தனியா இருக்காரு. யாராச்சும் ஒருத்தர் அவரக் கூப்புடணும். ஒரே ஒருத்தர். அது போதும்."

வாய்விட்டுத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வரை செய்தி இல்லை. இரவும் அப்படியே போயிற்று.

மறுநாள் காலையில் என் போன் அடித்தது. தெரியாத எண். வசூல்காரன் என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. போலீஸாக இருக்குமோ, எதையாவது அடையாளம் காட்டக் கூப்பிடுகிறார்களோ என்று நினைத்ததும் கை நீளவே இல்லை. மூன்றாவது தடவை காவ்யா பாய்ந்து எடுத்தாள். காதில் வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அப்பாம்மா!"

வாங்கிக் காதில் வைத்தேன். பின்னால் ஒரே இரைச்சல். "மலரு, மதுரையில மீன் எறக்கிட்டு இருக்கேன். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்" என்றார். மகளும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம்.

வந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னார். கோட்டைப்பட்டினத்துக்கு பஸ் ஏறிப் போயிருக்கிறார். திரும்பி வரும் எண்ணத்தோடு போகவில்லை. கடற்கரையில் வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அங்கே மீன் ஏற்றி அனுப்பும் பாய் ஒருவர், பெரியவர், தன் டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அலைந்துகொண்டிருந்தார். வண்டியில் ஐஸ் போட்ட மீன் ஏற்றியாகிவிட்டது. "வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க யாரும் இருக்கீங்களா?" என்று கரையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்தபடியே இருந்தார். பாய் அவர் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"தம்பி, ஒங்களத்தான். ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேங்க." எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை என்கிறார்.

"லைசென்ஸ்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பாய் அதைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாராம். "சாப்புட்டு எத்தன நாளாச்சு? மொதல்ல சோத்தத் தின்னுங்க. மீனு காத்திருக்கும்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே இலையில் கை வைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று பாய் கேட்கவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியைக் கொடுத்தார். இரவு புறப்பட்டு விடியற்காலை மதுரைச் சந்தைக்குச் சேர்ந்து, அங்கே ஒருவரிடம் போன் வாங்கித்தான் எனக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

கரையில் பாய் கூப்பிட்டது எந்த நேரம் என்று கேட்டேன். கரையில் இருந்த பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடித்த நேரம் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இங்கே நான் ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்ற வேளையும் அதுதான். நீங்கள் இதைத் தற்செயல் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். எனக்குத் தெரியும், யார் கூப்பிட்டார் என்று.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பாயிடம் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். பேங்கின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிப் போட்டோம். பலமுறை அலைந்த பிறகு அபராதத்தில் கொஞ்சம் குறைத்து, பாக்கியைத் தவணையாக மாற்றிக் கொடுத்தார்கள். வாசலில் ஆள் வருவது நின்றது. இன்னும் மூன்று வருடம் கட்ட வேண்டும். விற்ற வண்டி இப்போது வேறொருவர் பெயரில் எங்கள் தெரு வழியாகவே ஓடுகிறது. அண்ணன் இன்னும் பேசவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

ஆனால் அவர் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் அன்றைக்கு என்ன கிடைத்தது, என்ன செலவு, மனசு எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்கிறார். நானும் ஏசாமல் கேட்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு கார்டையும் காவ்யாதான் என் துணி வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினாள். திங்கட்கிழமை லோடு இல்லாவிட்டால் மூன்று பேரும் உச்சிகாலத்துக்குப் போகிறோம்.

ஆத்மநாதா, நீ என் கடனை அடைக்கவில்லை. என் ஆளைத் திருப்பிக் கொடுத்தாய். அதற்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

இதைப் படிக்கிற அக்கா, தங்கச்சிமார்களே, அண்ணன் தம்பிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேளுங்கள். நீங்களே அந்த நிலையில் இருந்தால், எவ்வளவு கேவலமாகத் தோன்றினாலும் ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். பிறகு கோயிலுக்கு வாருங்கள். அழகாகக் கும்பிடத் தெரிய வேண்டியதில்லை. தனியாக நிற்கக் கூச்சமாக இருந்தால் ஆவுடையார்கோவிலில் ரவிக்கை தைக்கும் மலர்விழி எங்கே என்று கேளுங்கள், நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.