சித்தேரி மலையும் என் இடது காலும்

போன நவம்பரில் நானும் என் மனைவி சரோஜாவும் சித்தேரி மலைக்குப் போய்வந்தோம். மழை விட்ட காலையில் அங்கே மேகத்தை மேலே நின்று பார்க்கலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. எங்களிடம் இருப்பது பழைய ஃபோர் வீல் ஜீப். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றபின் வாங்கியது. ஏற்கெனவே இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் மலையில் வண்டி போட்ட சத்தத்துக்குப் பயந்து பாதியில் திரும்பியிருந்தேன். மூன்றாவது முறையும் திரும்பினால் வண்டியை விற்றுவிடுவதாகச் சரோஜாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆகவே இது பாதி பயணக் குறிப்பு, பாதி வண்டிக் குறிப்பு. நான் மெக்கானிக் அல்ல, தவறிருந்தால் திருத்துங்கள்.

தர்மபுரியில் காலை 5.40க்குப் புறப்பட்டோம். அரூர் 41 கி.மீ. அங்கே 6.55க்கு இட்லி, காபி. இருவருக்கும் 130 ரூபாய். அரூரிலிருந்து சித்தேரி 28 கி.மீ. (என் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.) அடிவாரம் வரை ஜீப் சாதுவாக வந்தது. ஏற்றம் தொடங்கும் இடத்தில், வழக்கம்போல் ஒரு பாதுகாப்புக்காக, நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி ஃபோர் வீல் லீவரைப் போட்டேன். இடது காலையும் தயாராகக் கிளட்ச் மேல் வைத்துக்கொண்டேன். மலையில் எந்த நொடியில் எது தேவைப்படுமோ!

மூன்றாவது வளைவில் சத்தம் ஆரம்பித்தது. வண்டிக்கு அடியில் யாரோ சம்மட்டியால் தட்டுவதுபோல் டொக், டொக். ஸ்டீயரிங் கனத்தது. டயர் கீச்சிட்டது. ஐந்தாவது வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமியது; வண்டி ஏறவில்லை. கருகிய நாற்றம் வேறு. கிளட்ச் வழுக்குகிறது என்பது எனக்கே தெரிந்தது. கைபிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மணி 8.10.

"திரும்பிடலாமா?" என்றேன்.

"திரும்புங்க. இதை வித்துட்டு வாங்க, நான் பஸ்ஸுல போய்ப் பாத்துக்கிறேன்," என்றாள் சரோஜா.

அப்போது மேலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய ஜீப் ஒன்று வந்து நின்றது. நாங்கள்தான் வழியை அடைத்திருந்தோம். ஓட்டி வந்தவர் அருளப்பன். ஐம்பது வயதிருக்கும், இந்த மலையில் பல வருடங்களாக லோடு அடிப்பவர்.

"என்னாங்க சார், டயரு கத்துறது மேல வளைவு வரைக்கும் கேக்குது. பன்னி எதுனா மாட்டிக்கிச்சோன்னு பாத்தேன்."

கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னதைச் சொல்லி, என் நோட்டையும் நீட்டினேன். சத்தம் வந்த ஒவ்வொரு முறையும் எந்தச் சாலை, எந்தக் கியர், என்ன வேகம் என்று எழுதி வைத்திருந்தேன். மொத்தம் பதினான்கு பதிவுகள். பானெட் மேல் வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார்.

"பதினாலும் தார் ரோடு, பதினாலும் வளைவு. மண்ணு ரோட்டுக்கே போனதில்லீங்களா?"

"போயிருக்கேன். அங்க சத்தம் வரலை. அதனால எழுதலை."

"அதத்தான் சார் மொதல்ல எழுதியிருக்கணும்."

சோதனைக் குழாயில் ஒன்றும் நிகழாவிட்டால் அதையும் எழுதுங்கள் என்று முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் சொன்னவன் நான்.

அருளப்பன் ஏறி உட்கார்ந்து ஃபோர் வீல் லீவரை இழுத்தார். அசையவில்லை. சக்கரங்களை நேராக வைத்து, பத்தடி தூரம் ரிவர்ஸில் விட்டார். அடியில் 'டம்' என்று ஒரு சத்தம். லீவர் வெண்ணெய்போல் வந்துவிட்டது. பிறகு இரண்டு சக்கர இழுவையில், முதல் கியரில் மெல்ல, அதே வளைவைச் சுற்றிக் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை.

அருளப்பன் விளக்கியது இது: வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. ஃபோர் வீலில் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் முறுக்கு முழுவதும் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டுகளில் ஏறி, தாங்க முடியாதபோது டொக்கென்று விடுபடும். குனிந்து அதில் ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தேன். என் மணிக்கட்டைவிடத் தடித்த இரும்பு. ஏறிவந்த மலைப்பாதை வளைவு வளைவாக அதற்குள் முறுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது! வெகுநேரம் அங்கிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

அடுத்து கிளட்ச். இரண்டு பிரேக்கையும் பிடித்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டார். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் உடனே அணைய வேண்டும். திணறித் திணறி ஓடிய பிறகே அணைந்தது. பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"கொஞ்சங்கூட லூசு இல்லீங்க. சார், ஓட்டும்போது இந்தக் காலை எங்க வெக்கிறீங்க?"

நான் பதில் சொல்லுமுன் சரோஜா முந்திக்கொண்டாள். "அது மேலயேதாங்க. ஸ்கூட்டர்லயும் பிரேக் மேலயேதான் கால். கல்யாணத்துலருந்து பாக்குறேன்."

"அப்ப கிளட்ச் பிளேட்டு பாவங்க அம்மா," என்றார் அருளப்பன். காலின் கனத்திலேயே கிளட்ச் பாதி விட்டு, பிளேட் வழுக்கித் தேயுமாம்.

அடியில் படுத்து ஒரு நட்டைத் திருகி, பெடலுக்கு ஒரு அங்குலம் லூசு விட்டார். நாற்பது நிமிடம் ஆறவிட்டோம். மறுபடி அதே சோதனை: இன்ஜின் சட்டென்று அணைந்தது. "பிளேட்டு தேஞ்சிருக்குது. இன்னிக்குத் தாங்கும். பொங்கலுக்குள்ள மாத்திடுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இடது காலைத் தரையில் ஊன்றி, ஒவ்வொரு வளைவிலும் "கால் கீழே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன். 9.35க்கு ஒரு திருப்பத்தில் நிறுத்தினோம். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. நாங்கள் நின்று தவித்த வளைவு அதற்குள் எங்கோ இருந்தது. மேகத்துக்குள்ளிருந்து பஸ் ஹாரன் கேட்டது. பிறகு பஸ்ஸின் கூரை மட்டும் மிதந்து வந்தது. பிறகு முழு பஸ். சரோஜா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: அரூருக்கு மேல் நான் பெட்ரோல் பங்க் எதையும் பார்க்கவில்லை, அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். போய்வர டீசல் 12 லிட்டர், 1,120 ரூபாய். என்னுடையது போன்ற பழைய ஜீப் என்றால் தார் சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள். லீவர் இறுகிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், நேராகச் சற்று ரிவர்ஸ் எடுங்கள். கிளம்பும் முன் சமதளத்தில், வண்டிக்கு முன்னால் ஆளில்லாமல் பார்த்து, கிளட்ச் சோதனையை ஒரு முறை மட்டும் செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் அதுவே பிளேட்டைத் தின்னும்.

இறங்கும்போது, புது பிளேட்டுக்குச் செலவாகுமே, இதற்கு விற்றுவிடுவதே மேலோ என்று மெல்ல இழுத்தேன்.

"விக்கிற பேச்சு இனி வேணாம்," என்றாள் சரோஜா. "புது பிளேட்டு போட்டதும் வண்டியை எனக்குப் பழக்கிவிடுங்க. கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத கால் இது."