காலில் மட்டும் வேண்டாம்

சீனி வருத்தம் கூடிவிட்டது, தினமும் நடக்காவிட்டால் கால் போகும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விடியற்காலைகளில் பாலாவி உப்பள வரம்பில் பயமில்லாமல் நடந்தேன்.

ஒருநாள் தூறல் போட்டது. வழியில் கிடந்த வெறும் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். உப்புக் கள்ளர் சாக்கோடுதான் வருவார்கள் என்பதை யோசிக்கவில்லை.

"கள்ளன்! புடிங்கடா!"

காவல்காரர் மூவர் ஓடிவந்தார்கள். முதல் அடி முதுகில் விழுந்தது. குப்புற விழுந்த என் முகத்தில் அவர்களில் மூத்தவன் உதைத்தான். பல் ஒன்று உடைந்து இரத்தத்தோடு வந்தது.

"நடக்க வந்தேன்," என்றேன்.

"நடக்கவா? இது உன்ட வாப்பாட ரோட்டாடா?" என்று சிரித்து, மண்வெட்டிப் பிடியை என் கணுக்காலுக்கு நேரே ஓங்கினான்.

"எங்கயும் அடிங்க, காலில மட்டும் வேணாம்! எனக்குச் சீனி. புண் ஆறாது, வெட்டிடுவாங்க!"

ஓங்கிய கை நின்றது. மற்ற இருவரையும் தள்ளிவிட்டு அவன் என் செருப்புகளைக் கழற்றினான். இரண்டு பாதங்களையும் விரல் விரலாகத் தடவிப் பார்த்தான்.

"காயமில்ல நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான். "எங்கட உம்மாக்கும் இதே வருத்தம்தான். முழங்காலோட எடுத்தாங்க. தோணிய வித்து வைத்தியம் பாத்தும் மௌத்தாப் போனாங்க."

உடைந்த பல்லுக்காக நான் அவனை மன்னிக்கவில்லை. ஆனால் எழுந்து நடக்க அலுப்பாக இருக்கும் காலைகளில், ஒரு தோணியை விற்றும் மீட்க முடியாத அந்த உயிர் நினைவுக்கு வரும். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன்.