கன்றுக்கு விட்ட காம்பு

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கன்று செத்துப்போனது. கிடேரிக் கன்று. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மழையில் நனைந்ததா, பூச்சி கீச்சி கடித்ததா என்று தெருவில் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்...

பால் சொசைட்டி வந்த பிறகு எங்கள் பக்கம் பலர் நாலு காம்பையும் ஒட்டக் கறந்து கொண்டுபோய் ஊற்றுகிறார்கள். கன்றுக்குக் கஞ்சித்தண்ணீர்தான். நான் அப்படிப்பட்டவள் இல்லை. மூன்று காம்பு எனக்கு, ஒன்று கன்றுக்கு. கறந்து முடித்ததும் அவிழ்த்துவிடுவேன், தன் காம்பைக் குடித்ததும் மறுபடி பிடித்துக் கட்டிவிடுவேன். செய்வதோடு விட்டேனா? பால் ஊற்றுகிற இடத்தில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லியும் வந்தேன்.

எதிர்வீட்டுச் சரோஜா ஒருநாள், "ஒங்க வீட்டுக் கன்னுக்கு என்னங்க பெரியம்மா... பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் மாதிரி ஒக்காந்த எடத்துல கெடைக்குது" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தப் பசுவைச் சினையாக வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. திருமலைராயன்பட்டினத்து மாடு. சீம்பால் நாட்களில் கன்று இஷ்டத்துக்குக் குடித்தது. பிறகு நான் கறக்க ஆரம்பித்தேன். கன்றுக்கு இடது பின்காம்பை ஒதுக்கினேன். ஏன் அந்தக் காம்பு? நான் வலப்பக்கம் உட்கார்ந்து கறப்பவள். அது கைக்குச் சரியாக எட்டாது - அவ்வளவுதான்.

ஒரு வாரம் போனது. கன்றுக்கு வயிறு ஒட்டிக் கிடக்கிறது, பால் பத்தவில்லை போலிருக்கிறது என்று மருமகள் செசிலி வந்து சொன்னாள்.

"ஒரு காம்பு முழுசா விட்டுருக்கேன். எந்த வூட்டுல விடுறாங்க? பேராசை புடிச்ச கன்னுடி அது" என்றேன்.

நான் பார்க்காமலா சொன்னேன்? கன்று முட்டி முட்டிச் சப்பியது. வாயோரம் வெள்ளையாக நுரை தள்ளியது. பால் நுரை என்றே நினைத்தேன். வெறும் எச்சில் என்று யார் கண்டது?

வியாழக்கிழமை கழிச்சல் கண்டு படுத்துவிட்டது. மறுநாள் காலை என்னைக் கேட்காமலேயே செசிலி போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்தாள். அவர் கன்றைப் பார்த்தார். அப்புறம் பசுவிடம் போய் அந்தப் பின்காம்பைப் பீச்சினார். ஒரு சொட்டு வரவில்லை.

"இது போன ஈத்துலேயே மடிநோய் வந்து அடைச்சுப்போன காம்பும்மா. நீங்க ஒரு தடவகூடவா பீச்சிப் பாக்கல?"

"அத நாங்க தொடுறதில்லைங்க. அது கன்னோட காம்பு."

அவர் கை கழுவத் தண்ணீர் கேட்டார். கன்றுக்கு ஊசி போட்டார். சாயங்காலம் தலை சாய்ந்துவிட்டது.

புண்ணியம் செய்கிறோம் என்று நினைக்கிற இடத்தில்தான் நமக்குக் கண் தெரியாமல் போகுமோ? விட்டேன் விட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். விட்டதில் பால் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

பசு இரண்டு நாள் கத்தியது. இப்போது கத்துவதில்லை. மடியில் கை வைக்கவும் விடுவதில்லை.

செசிலி இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.