மாலை போட்டால் தொடமாட்டார்

சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் பில் போடும் பூதலிங்கத்தைக் குடிகாரர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் குடிக்கப் போய்விடுவார் என்பதால் யாரும் சொல்வதில்லை.

அவர் கையில் ஆதாரம் இருந்தது. கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டால், மலையிறங்கும்வரை ஒரு சொட்டுத் தொடமாட்டார்.

"குடிகாரனால நிறுத்த முடியுமா? நான் வருசா வருசம் நிறுத்துகேன்லா? அப்போ நான் யாரு?"

மற்ற மாதங்களில் அவர் குடித்ததே, நிறுத்த முடியும் என்ற தைரியத்தில்தான்.

சித்திரையில் டாக்டர், ஈரல் கெட்டுவிட்டது, இன்றே விட்டால் பிழைக்கலாம் என்றார். பூதலிங்கம் பணிவாகத் தலையாட்டினார். வெளியே வந்து மனைவி பகவதியிடம், "கார்த்திகை வரட்டு, கேட்டியா?" என்றார்.

கார்த்திகையும் வந்தது, மாலையும் ஏறியது. இந்த முறை குடி நின்றதும் கை நடுங்கியது. பகவதி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, "சாமிக்கு எதுக்கு ஊசி? விரதம் பாத்துக்கிடும்" என்றார். பிறகு திடீரென்று உறவுக்காரர்கள்மேல் அக்கறை பிறந்தது. பங்காளி இறந்தால் தீட்டு; மாலையைக் கழற்றிவிடலாம்.

"சுசீந்திரத்துல சொரிமுத்து சித்தப்பாவுக்கு எப்பிடி இருக்காம்?"

மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ திட்ட முடியாது. "நல்லா நடமாடுகாராம், சாமி" என்று பல்லைக் கடித்தாள் பகவதி.

"ஓ" என்றார் பூதலிங்கம், துக்கத்தோடு.

சித்தப்பா கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. செத்தது, கல்லாற்றில் சாயாக்கடை வைத்திருந்த ஒருவர். பூதலிங்கத்தின் சித்திக்குச் சம்பந்தி.

"அவரு பங்காளியா, சாமி? நமக்கு என்ன தீட்டு?"

"மனசுக்குத் தீட்டு உண்டும்லா!"

மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அழவும் செய்தார், கண்ணீரில் கலப்படமில்லை. மகள் ஆதிரா வாசலை மறித்தாள்.

"போகண்டாப்பா, ப்ளீஸ்."

"துட்டி வீட்டுக்குப் போறவனத் தடுக்கப்பிடாது, மக்கா."

நெடுமங்காட்டில் பஸ் மாற இறங்கியவர் கல்லாறு போய்ச் சேரவேயில்லை.

தை மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பகவதியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

"ஏட்டி, கழுத்துல மாலை கெடக்கும்போ குடிச்சேனா? ஒரு தடவை?"

"இல்ல."

"பின்னே? டாக்டர்ட்ட அதைச் சொல்லு. வார கார்த்திகைக்குப் பாப்போம்."

மாலையில்லாத கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டு, "சரி, சாமி" என்றாள்.